உள்பெட்டி கிளம்பாத நான்கு நாள்

அலுவலகத்தில் நாங்கள் அவனுக்கு வைத்த பெயர் செட்டிங்ஸ். அட்டைப்பெட்டி தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் கணினிப் பிரிவில் பதினான்கு வருடமாக வேலை. யாராவது புதுக் கைபேசியோடு வந்தால், நல்லா இருக்கே என்று ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்பே கையை நீட்டி வாங்கிவிடுவான். பத்து நிமிடம் குனிந்த தலை நிமிராமல் எதையெதையோ அணைப்பான், எதையெதையோ திறப்பான், எழுத்தைப் பெரிதாக்குவான், மணியோசையைக் குறைப்பான். திருப்பிக் கொடுக்கும்போது, "இனிமே எதையும் தொடாதீங்க, எல்லாம் சரியா இருக்கு" என்பான். எரிச்சலான விஷயம் என்னவென்றால், எல்லாம் சரியாகத்தான் இருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் போனால் மேஜையில் இருக்கும் எல்லோருக்கும் சேர்த்து என்ன வேண்டும் என்று அவனே சொல்லிவிடுவான். "எனக்கு என்ன பிடிக்கும்னு எனக்கே மறந்துபோச்சுப்பா" என்று கிடங்கு மேலாளர் ஒருநாள் புலம்பினார். அவன் மனைவி இன்னும் ஒரு படி மேலே போவாள். "கல்யாணத்துக்கு மட்டும்தான் என்னை ஒரு வார்த்தை கேட்டார். அதுவும் எங்க அப்பா கேக்கச் சொன்னதால."

கேலி ஒருபக்கம் இருக்கட்டும், அவனிடம் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. அடுத்தவர் தலைவலியைத் தன் தலையில் போட்டுக்கொள்வது அவன் சுபாவம். சம்பளம் வாங்குகிற வேலையில் அதற்கு அவ்வளவு இடமில்லை. சம்பளம் இல்லாத வேலை ஒன்று அவனுக்கு இருந்தது. அதில்தான் அவன் மனசு முழுக்க.

அது ஒரு திறந்த மூல மென்பொருள். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்த்துத் திருத்தலாம். ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டுவது அதன் வேலை. உள்ளே ஓடும் கணினிக்கு இரும்பும் கிடையாது, கம்பியும் கிடையாது. ஆனால் அது தன்னை நிஜக் கணினி என்றே நினைத்துக்கொண்டு வேலை செய்யும். மெய்நிகர் கணினி என்று எழுதுவார்கள். பல நாட்டில் இருக்கும் முப்பது நாற்பது பேர், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே, அந்த மென்பொருளைப் பராமரித்துவந்தார்கள். அதில் ஒரு சின்ன மூலை செட்டிங்ஸின் பொறுப்பு. உள்ளே இருக்கும் கணினி எந்த முறையில் கிளம்ப வேண்டும் என்று பயனர் எதுவும் குறிப்பிடாமல் விட்டுவிட்டால் என்ன செய்வது? அந்த ஒன்றுதான் அவன் பார்த்துக்கொண்டது. யாரும் எதுவும் சொல்லாதபோது தானாக வந்து உட்காரும் அந்த அமைப்புக்கு முன்னிருப்பு என்று பெயர்.

"நூத்துக்குத் தொண்ணூறு பேர் எதையும் தேர்ந்தெடுக்க மாட்டாங்க. அவங்க எல்லாருக்கும் சேத்து ஒருத்தன் முன்கூட்டியே யோசிச்சு வைக்கணும்" என்பான். சொல்லும்போது முகத்தில் லேசாக ஒரு பெருமை தெரியும். தெரிந்தால் என்ன, ஊர் உலகத்தில் லட்சம் பேர் அவனை நம்பிப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட அவன் இருப்பது தெரியாது, அவன் அக்காளைத் தவிர.

அக்காள் ஆறு மணி நேரப் பயணத் தொலைவில் வேறு ஊரில் இருந்தாள். அவள் கணவர் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். என்ன குரல் அது. நிலையத்தின் கடைசி மூலையில் தூங்குகிறவனும் எழுந்து பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். வீட்டிலும் அதே வாய்தான். மனைவியை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "நடத்துநர் எங்கிருந்தாலும் உடனே வரவும்" என்று அறிவிப்பார். அவளும் எங்கிருந்தாலும், "வந்துட்டேன், வண்டிய எடுத்துடாதீங்க" என்று பதில் கொடுப்பாள். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். அவர்கள் இரண்டு பேருக்கும் அது பழகிப்போய், சிரிப்பதைக்கூட விட்டுவிட்டார்கள்.

அப்படிப்பட்ட மனிதருக்கு ஐம்பது வயதுக்குள் ஒரு நரம்பு நோய் வந்தது. முதலில் கை போனது, பிறகு கால். நாக்குக்கும் அது வரும் என்று மருத்துவர் சொன்னதும், அவர் அழாமல் மைத்துனனைக் கூப்பிட்டார். "மச்சான், குரல் போறதுக்குள்ள எடுத்து வச்சுடணும்." இரண்டு மாதம் உட்கார்ந்து, அன்றாடம் தேவைப்படுகிற இருநூறு வாக்கியங்களைச் சொந்தக் குரலில் பதிவு செய்தார். அதற்கென்று ஒரு பழைய மென்பொருள் கிடைத்தது. மோவாயின் கீழே ஒரு சின்னப் பொத்தான். திரையில் வரிசை வரிசையாக வெளிச்சம் நகரும். வேண்டிய இடத்தில் மோவாயால் ஒரு அழுத்து. அவர் குரல் பேசும். இருநூறில் இல்லாததை எழுத்து எழுத்தாகச் சேர்த்தால், இயந்திரக் குரல் ஒன்று படித்துக்காட்டும்.

அந்த மென்பொருளைச் செய்தவர்கள் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார்கள். அது ஓடிய பழைய கணினியும் ஒருநாள் புகைந்து நின்றது. அப்போது கைகொடுத்தவன் செட்டிங்ஸ்தான். பழைய கணினியில் எல்லாம் சேமித்திருந்த வன்வட்டை அப்படியே நகலெடுத்து, புதுக் கணினிக்குள் ஒரு மெய்நிகர் கணினியாக வைத்து ஓட்டிக்காட்டினான். அக்காளுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக, மேஜைமேல் இருப்பதை வெளிப்பெட்டி என்றும் அதற்குள் இருப்பதை உள்பெட்டி என்றும் சொல்லிக்கொடுத்தான். காலையில் வெளிப்பெட்டியைப் போட்டால் உள்பெட்டி தானாகக் கிளம்பும். கிளம்பியதும் மாமாவின் குரலில் முதல் வாக்கியம் வரும். "பயணிகளுக்கு வணக்கம். வண்டி நிலையத்துக்கு வந்துவிட்டது. நடத்துநர் எங்கிருந்தாலும் உடனே வரவும்." அது ஒலிக்கும்போது அக்காள் சமையலறையில் இருப்பாள். வந்துட்டேன், வண்டிய எடுத்துடாதீங்க என்பாள். இப்படி எட்டு வருடம் ஓடியது.

அவன் கையால் அந்த உள்பெட்டியைச் செய்த காலத்தில், கிளம்பும் முறை என்று எழுதி வைக்கவே மென்பொருளில் இடம் கிடையாது. அப்போது இருந்தது ஒரே முறை. பிறகு புதிய முறை ஒன்று வந்தது. அதன்பின் செய்யப்பட்ட மெய்நிகர் கணினிகளின் அமைப்புக் கோப்பில், இது பழையது, இது புதியது என்று ஒரு வரி தானாக எழுதப்பட்டது. அக்காள் வீட்டு உள்பெட்டியில் அந்த வரி இல்லை. வெற்றிடமாகவே இருந்தது.

மூன்று வருடமாகப் பேசிப் பேசி, முன்னிருப்பைப் புதிய முறைக்கு மாற்றிவிடலாம் என்று முடிவானது. முன்மொழிந்தவனே செட்டிங்ஸ்தான். புதிய முறை பாதுகாப்பானது, வேகமானது. அதில் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை. பழைய முறை என்று எழுதியிருப்பவை பழையபடியே கிளம்பும். ஒன்றும் எழுதாமல் காலியாக இருந்தால்? அவ்வளவு பழையதை இன்னும் யார் வைத்திருக்கப்போகிறார்கள் என்று நினைத்தான். காலியாக இருப்பதையும் புதிய முறைக்கே அனுப்பிவிட்டான். தான் செய்து கொடுத்த ஒன்று அப்படி இருக்கிறது என்பது அவன் நினைவுக்கு வரவே இல்லை. அக்காள் வீட்டுக் கணினி அவன் மனதில் அக்காள் வீட்டுச் சாமான்களோடு இருந்தது, மென்பொருளோடு இல்லை.

எதையும் திடுதிப்பென்று மாற்றிவிட மாட்டார்கள். அவர்களுக்குள் ஒரு முறை உண்டு. மாற்றம் வருவதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே, பாதிக்கப்படப்போகும் கணினிகளில் மட்டும் திரையின் மேலே மஞ்சள் நிறத்தில் ஒரு எச்சரிக்கை வரி வரும். பார்த்தவர்கள் வந்து முறையிடுவார்கள். ஒரு வருடமாகியும் யாரும் கத்தவில்லையென்றால் யாருக்கும் வலிக்கவில்லை என்று அர்த்தம். மஞ்சள் வரியின் வாசகத்தை எழுதியதும் அவன்தான். நாலு நாள் யோசித்து, எல்லோருக்கும் புரிகிற மாதிரி எழுதினான். ஆங்கிலத்தில்.

அக்காள் அப்போது ஒருதரம் கூப்பிட்டாள். "டேய், மேல மஞ்சளா என்னமோ வருதுடா. படிச்சாப் புரியல."

அவன் எங்கோ வண்டியில் போய்க்கொண்டிருந்தான். "அதெல்லாம் எங்க ஆளுங்களுக்கு வர்றதுக்கா. நீ கண்டுக்காத. பக்கத்துல சின்னதா பெருக்கல் குறி இருக்கும் பாரு, அத அழுத்திட்டுப் போயிட்டே இரு."

அவள் தம்பி சொன்னால் சொன்னதுதான். மறுநாளிலிருந்து, வந்துட்டேன் என்று சொல்லிக்கொண்டே வந்து, மஞ்சள் வரியை அழுத்திவிட்டு, கணவருக்குப் பல் தேய்த்துவிடப் போவாள். ஒரு வருடம், ஒருநாள் தவறாமல்.

புதிய பதிப்பு ஒரு திங்கட்கிழமை வெளியானது. மென்பொருள் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி அக்காள் வீட்டில் ஏற்பாடு செய்து வைத்திருந்தவனும் இவன்தான். செவ்வாய்க் காலை வெளிப்பெட்டியைப் போட்டாள். கறுப்புத் திரையில் வெள்ளையாக ஒரே ஒரு வரி: கிளம்புவதற்கு எதுவும் கிடைக்கவில்லை என்று அதற்கு அர்த்தம். உள்ளே எதுவும் அழியவில்லை. இருநூறு வாக்கியமும் வட்டில் பத்திரமாக இருந்தன. வாசலை மாற்றி வைத்துவிட்டதால் உள்ளே போக வழி தெரியவில்லை, அவ்வளவுதான்.

அதே செவ்வாய்க்கிழமை செட்டிங்ஸ் தலைநிமிராமல் உட்கார்ந்திருந்தான். உலகத்தில் எங்கெங்கோ இருந்து முறையீடுகள் வந்து குவிந்தன. எங்கள் தொழிற்சாலையில் ஒன்று கிளம்பவில்லை, பள்ளிக்கூடத்தில் ஆறு கிளம்பவில்லை, உனக்கு மூளை இருக்கிறதா என்றெல்லாம் எழுதினார்கள். அவன் கோபப்படவே இல்லை. நிறுவனத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதினான். அமைப்புக் கோப்பைத் திறங்கள், பழைய முறை என்று ஒரு வரி சேருங்கள், மூடுங்கள், கிளப்புங்கள், இரண்டு நிமிட வேலை. நூற்று நாற்பது பேருக்கு எழுதினான். தன் பொறுப்பை இப்படிக் கவனிக்கிறவன் உண்டா என்று தன்னைத் தானே மெச்சிக்கொள்ளவும் செய்தான்.

இடையில் அக்காளிடமிருந்து நான்கு அழைப்புகள் வந்திருந்தன. கைபேசியின் ஒலியை அணைத்து வைத்திருந்ததால் பிறகுதான் பார்த்தான். வேலையாக இருக்கிறேன், சாயங்காலம் கூப்பிடுகிறேன் என்று எழுதினான். அவள், அவசரமில்லை, உள்பெட்டி கிளம்பவில்லை என்று எழுதினாள். அவசரமில்லை என்று எழுதுவது அவள் பழக்கம். வீடு தீப்பிடித்தாலும் அப்படித்தான் ஆரம்பிப்பாள். செருகி தளர்ந்து மின்சாரம் போயிருக்கும் என்று நினைத்து, ஒருதரம் அணைத்துப் போடு என்று அனுப்பினான். சாயங்காலம் கூப்பிடவில்லை. புதனும் கூப்பிடவில்லை.

அவள் அணைத்துப் போட்டாள். இரண்டு நாளில் முப்பது தடவைக்கு மேல் அணைத்துப் போட்டாள். அவர் படுத்தபடியே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மோவாய் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தது. வெளிச்சம் நகரவில்லை. அவள் ஒரு அட்டையில் எழுத்துகளை எழுதி, ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி, இதுவா இதுவா என்று கேட்டாள். சரியான எழுத்து வந்தால் அவர் கண்ணை மூடித் திறக்க வேண்டும். இரண்டு எழுத்து சேர்வதற்குள் அவர் களைத்துவிடுவார். புதன் மாலை 'நெஞ்' என்பதுவரை வந்தது. நெஞ்சு என்று அவள் புரிந்துகொண்டு தைலம் தேய்த்துவிட்டாள். மூச்சு முட்டுகிறது, மருத்துவரைக் கூப்பிடு என்ற வாக்கியம் அந்த இருநூறில் பதினேழாவது. அவரே முன்யோசனையாகப் பதிந்து வைத்தது. ஒரே அழுத்தில் கேட்டிருக்கும்.

வியாழன் சாயங்காலம் காய்ச்சல் ஏறி, உதடு நீலமாகி, ஆம்புலன்ஸ் வந்தது. அப்போதுதான் அவள் அவசரம் என்ற சொல்லை எழுதினாள்.

அவன் வெள்ளிக்கிழமை காலை மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தான். மாமா முழித்துக்கொண்டுதான் இருந்தார். முகத்தில் மூச்சுக்கருவி. அவனைப் பார்த்ததும் கண் விரிந்தது. உடனே மோவாய் அசைய ஆரம்பித்தது. கீழே, கீழே, கீழே. அங்கே பொத்தான் எதுவும் இல்லை.

"என்னக்கா பண்றார்?"

"பேசப் பாக்கறார்டா."

"பெட்டி இன்னும் சரியாகலையா?"

"அதான் உனக்குச் சொன்னேனே. செவ்வாய்க்கிழமைலேருந்து உள்பெட்டி கிளம்பல. கறுப்பா நிக்குது. நெஞ்சுல கஷ்டம்னு சொல்ல வந்திருக்கார், எனக்குப் புரியல. டாக்டர் கேக்கறாங்க, ஏன் ரெண்டு நாள் முன்னாடியே வரலன்னு."

அவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். கேட்கத் தேவையில்லை, ஆனாலும் கேட்டான். "அக்கா, அந்த மஞ்ச வரி..."

"அது ஒரு வருஷமா வருதே. நீதானே அழுத்தச் சொன்ன? தினமும் அழுத்திடுவேன்." ஏதோ செய்யத் தவறிவிட்டோமோ என்று பயந்து சொல்வதுபோலச் சொன்னாள். அவள் குரலில் குற்றம் சொல்கிற தொனி இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

நூற்று நாற்பது பேர். முகம் தெரியாத நூற்று நாற்பது பேருக்கு வரிவரியாகச் சொல்லிக்கொடுத்தவன், அக்காளுக்கு அனுப்பியது, ஒருதரம் அணைத்துப் போடு என்று மட்டும்.

மாமாவின் காதருகே குனிந்தான். "மாமா, ஒரு மணி நேரம் பொறுத்துக்குங்க. வீட்டுக்குப் போய்ப் பெட்டிய சரிபண்ணி இங்கயே எடுத்துட்டு வந்துடறேன். என்னைத் திட்டறதா இருந்தாலும் அதுல திட்டுங்க." மோவாய் அசைவது நின்றது. அவர் கண்ணை மெதுவாக மூடித் திறந்தார். சரி என்று அர்த்தம்.

வாடகைக் காரில் ஏறினான். ஓட்டுநரிடம் சீக்கிரம் என்றான். பாலத்தின் மேல் நெரிசலில் வண்டி நின்றுவிட்டது. மடியில் கணினிப் பையை வைத்துக்கொண்டு, சேர்க்க வேண்டிய அந்த ஒரு வரியை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தான், மறந்துபோகிற விஷயம் மாதிரி. பாலம் இறங்குவதற்குள் கைபேசி அடித்தது. அக்காள். எடுத்தான். அந்தப் பக்கம் அவள் அழுவது மட்டும் கேட்டது. அவன் ஓட்டுநரிடம் வண்டியைத் திருப்பச் சொன்னான்.

அவர் என்ன சொல்ல நினைத்தார் என்பது யாருக்கும் தெரியாது. அவன் மனைவி, பெரியவர்கள், மருத்துவர்கூட, அந்த நோய்க்கு இத்தனை வருடம் தாங்கியதே பெரிது என்று ஆறுதல் சொன்னார்கள். உண்மையாகவும் இருக்கலாம். அவனுக்கு அது காதில் ஏறவில்லை. அந்த இரண்டு நாள் தன்னால் போனது என்பதை யார் சொல்லியும் அவன் மாற்றிக்கொள்ளவில்லை. மாற்றிக்கொள்ளச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

பின்னால் அவன் அந்த மென்பொருளில் ஒரு திருத்தம் அனுப்பினான். காலியாக இருந்தால் பழைய முறையிலேயே கிளம்ப வேண்டும். காரணம் எழுத வேண்டிய இடத்தில், காலியாக விட்டவரும் ஒருவர்தான் என்று மட்டும் எழுதினான். யாரோ ஒருவர் விளக்கம் கேட்டார். வேறு யாரோ ஒப்புதல் கொடுத்தார்கள். அலுவலகத்தில் அவன் யார் கைபேசியையும் வாங்குவதில்லை. சாப்பாட்டு மேஜையில் உனக்கு என்ன வேணும், உனக்கு என்ன வேணும் என்று ஒவ்வொருவராகக் கேட்கிறான். கிடங்கு மேலாளருக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. பழையபடி நீயே சொல்லிடுப்பா என்றார்.

அதெல்லாம் பிறகு. வந்தவர்கள் எல்லோரும் ஊர் திரும்பிய ஒன்பதாம் நாள் காலை, அவன் அக்காள் வீட்டில் இருந்தான். கட்டில் காலியாக இருந்தது. மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். மேஜைமேல் வெளிப்பெட்டி, பக்கத்தில் சுருண்ட கம்பியோடு மோவாய்ப் பொத்தான். இனிமேல் யாருக்கு என்று அவனுக்கே தெரியவில்லை. ஆனாலும் அதை அப்படியே கறுப்பாக விட்டுவிட்டுப் பேருந்து ஏற மனசு வரவில்லை. உட்கார்ந்தான். அமைப்புக் கோப்பைத் திறந்தான். ஒரு வரி சேர்த்தான். மூடினான். கிளப்பினான்.

ஒலிபெருக்கியை அணைக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசிக்கிறவனுக்கு அது தோன்றவில்லை.

"பயணிகளுக்கு வணக்கம். வண்டி நிலையத்துக்கு வந்துவிட்டது. நடத்துநர் எங்கிருந்தாலும் உடனே வரவும்."

சமையலறையில் குழாய் நின்றது.

"வந்துட்டேன், வண்டிய எடுத்துடாதீங்க."

ஈரக் கையோடு வேகமாக வந்த அக்காள் வாசற்படியில் நின்றாள். கட்டிலைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். அங்கே வெளிச்சம் வரிசை வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தது. அவன் எழுந்து நின்றுவிட்டான். அணைக்கவும் கை வரவில்லை, அவள் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை.

அவள் மெதுவாக வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள், விரல் விரலாக.

"சரியாயிடுச்சா?"

"சரியாயிடுச்சுக்கா."

"எவ்வளவு நேரமாச்சு சரிபண்ண?"

பொய் சொல்லியிருக்கலாம். காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று சொன்னால் அவள் நம்பியிருப்பாள். தம்பி சொன்னால் அவளுக்குச் சொன்னதுதான்.

"ரெண்டு நிமிஷம்" என்றான்.

அவள் தலையை ஆட்டினாள். திரையின் மேலே கண் போனது. இத்தனை நாள் மஞ்சள் வரி வந்த இடத்தில் இப்போது எதுவும் இல்லை. பழக்க தோஷத்தில் எழுந்து போய், பெருக்கல் குறி இருந்த இடத்தை ஒருதரம் அழுத்திவிட்டு, மறுபடி வந்து உட்கார்ந்தாள்.